ஆற்றுப் படுகை யாருடையது?

குளத்தூர் விவசாயிகளுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாகப் படலாம். இங்கே பிறக்கும் அக்னியாற்றில் மழைக் காலம் போனால் தண்ணீரே இல்லை. தோணி ஏது, பரிசல் ஏது? (2016-ம் ஆண்டுச் சட்டமொன்று வைகையைக்கூடத் தேசிய நீர்வழியாக்கியிருக்கிறது. மதுரைக்காரர்கள் கப்பலுக்குக் காத்திருக்கட்டும்!) ஆனால் சீமையில் ஆற்றின் அடிநிலத்தைப் பங்கு போட்டதே இந்தக் கணக்கில்தான். கடல் ஏறி இறங்கி, கப்பல் போகும் ஆறென்றால் படுகை மன்னருக்கு. மற்ற ஆறென்றால் கரையிலுள்ள நிலச் சொந்தக்காரர்களுக்கு, நட்டாறு வரை பாதிப் பாதி. உழுகிறவனுக்குப் பங்கு கிடையாது.

வெள்ளைக்கார சர்க்கார் சென்னை மாகாணத்தில் 1905-ல் ஆக்கிரமிப்புச் சட்டம் போட்டது. வேறொருவருக்கு உரிமை இருந்தாலொழிய ஆறு, ஓடை, ஏரி, குளம் ஆகியவற்றின் படுகையெல்லாம் சர்க்கார் சொத்து என்று எழுதிக்கொண்டது. ஜமீன்தார்கள் விடுவார்களா? வம்சதாரா ஆற்றுத் தண்ணீருக்கு வரி கேட்ட சர்க்காரை எதிர்த்து உர்லாம் ஜமீன்தார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1917-ல் ஜெயித்தார். ஆறு யாருடையது என்று இரு தரப்பும் வாதாடின; மடை திறந்தவனை ஒருவரும் கேட்கவில்லை.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களின் ஆறு குளங்களைச் சர்க்காருக்குக் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்தது. ஜமீன்தார் போனார், மகாராஜா போனார். 'சர்க்கார் சொத்து' என்ற 1905-ம் வருஷத்து வார்த்தை மட்டும் போகவில்லை. சூது இந்த வார்த்தையில்தான் இருக்கிறது என்கிறோம்.

சொத்துக்காரன் குத்தகைக்கு விடலாம், காவல்காரன் விடலாமா? இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரை வன நிலம், மத்திய மந்திரியாயிருந்த கமல்நாத்தின் குடும்பத்தோடு தொடர்புள்ள ஓட்டல் கம்பெனிக்குக் குத்தகையாகப் போயிற்று. ஓட்டலை வெள்ளத்திலிருந்து காக்க ஆற்றையே புல்டோசர் வைத்துத் திருப்பினார்கள். 1996 டிசம்பர் 13-ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் குத்தகையை ரத்து செய்தது. ஆற்றுக்குச் சர்க்கார் தர்மகர்த்தாதான், தனியார் லாபத்துக்குக் கைமாற்ற முடியாது என்றது.

நமது தர்மகர்த்தா என்ன செய்கிறார்? தனியார் மணல் குத்தகைகளை ஒழித்து இனிச் சர்க்காரே அள்ளும் என்று 2003-ல் விதி செய்தார்கள். அள்ளிய மணலைப் பற்றி விசாரிக்க 2023-ல் அமலாக்கத் துறை ஐந்து கலெக்டர்களை அழைத்தபோது, மாநில சர்க்கார் ஐகோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கியது. 2024 பிப்ரவரி 27-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களைப் போகச் சொல்லிற்று. அமலாக்கத் துறையின் டில்லி விசுவாசத்தை நாம் அறிவோம். அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கணக்குக் கேட்டால் கோர்ட்டுக்கு ஓடும் தர்மகர்த்தாவை எந்த ஊர்க் கோயிலில் வைத்திருப்பார்கள்?

ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்ட கூலிக்காரனிடம் மட்டும் சட்டம் சுறுசுறுப்பாக வருகிறது. பி மெமோ, 7-ம் பிரிவு நோட்டீஸ், 6-ம் பிரிவில் வெளியேற்றம். போதாதென்று 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். வரத்து வாய்க்காலில் யாரும் குடியிருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. மாற்று மனை கொடுத்துவிட்டு எடுங்கள். ஆனால் படுகையை ஆளுயரம் தோண்டுவது குடிசையல்ல, பொக்லைன். படுகை இறங்கினால் வாய்க்காலின் தலைமதகு மேட்டில் நிற்கும்; வெள்ளமே வந்தாலும் கண்மாய்க்குத் தண்ணீர் ஏறாது; கரையோரக் கிணறும் வற்றும்.

குளத்தூர் வட்டத்திலுள்ள ஒவ்வொரு ஆறு, ஓடை, கண்மாய்ப் புறம்போக்கின் சர்வே எண்ணையும் பரப்பையும், எந்த உத்தரவில் யாருக்கு விடப்பட்டது என்பதையும் கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டும் என்று கேட்கிறோம். 'அ' பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. வாசித்து முடிக்க ஒரு மணி நேரம் போதும்.