கால் எட்டினால் போதுமா?

வாடிக்கையாளர் வருகிறார். ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் சீட்டில் ஏறி உட்கார்கிறார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்க்கிறார். "எட்டுது, இதையே போட்டுருங்க" என்கிறார். நாமும் பில் போடுகிறோம். ஓட்டுவதற்கு வாங்கும் வண்டியை, நிறுத்தி வைத்துச் சோதித்து விற்கும் தொழில் நம்முடையது.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண சைக்கிளில் பி.பி. ஆக்சில், அதாவது கிராங்க் சுழலும் அச்சு, தரையிலிருந்து ஏறக்குறைய 28 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கிராங்க் 17 செ.மீ. ஆக, அடிமட்டத்துக்கு வந்த பெடல்கூடத் தரைக்கு 11 செ.மீ. மேலேதான் நிற்கும். பாதம் முழுக்கத் தரையில் படும்படி சீட்டை இறக்கினால், மிதிக்கும்போது முட்டி ஒரு சுற்றில்கூட நிமிராது. மாடிப்படியைப் பாதி உட்கார்ந்தபடியே ஏறுவது மாதிரி. ஒரு கிலோமீட்டர் போகிறவருக்குத் தெரியாது. தினம் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு முட்டியின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். அவர் சீட்டைக் குறை சொல்ல மாட்டார், வயசைத்தான் சொல்வார்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆசிரியை கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார். வேறெங்கோ வாங்கியது, ஆறு மாதம்கூட ஆகவில்லை. "முட்டி வலி தாங்கலை சார், வந்த விலைக்கு எடுத்துக்கறீங்களா?" என்றார். சீட்டு அடிவரை இறங்கி ஃப்ரேமோடு ஒட்டியிருந்தது. பி.பி. நடுவிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை டேப் வைத்தேன்: 53 செ.மீ. அவருடைய கவட்டு உயரம் 74. பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்குப்படி அதை 0.883-ஆல் பெருக்கினால் 65 வர வேண்டும். பன்னிரண்டு சென்டிமீட்டர் பள்ளத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் மிதித்திருக்கிறார்.

ஒரே நாளில் 65-க்கு ஏற்றியிருந்தால் பயந்து இறங்கிப் போயிருப்பார். முதலில் 4 செ.மீ. மட்டும் ஏற்றினேன். வண்டி நிற்கும்போது சீட்டிலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, முன்னால் சரிந்து ஒரு காலை ஊன்றினால் போதும் என்று கடை வாசலிலேயே நாலைந்து தடவை பழக்கினேன். இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று, பிறகு இரண்டு. 62-இல் "இது போதும்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. அவர் செருப்போடு, நடுப்பாதத்தால் மிதிக்கிறவர். லெமாண்ட் கணக்கு ஷூ போட்டு முன்பாதத்தால் மிதிக்கும் பந்தயக்காரர்களுக்கு. நம்மூர் மிதிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவதில் தப்பில்லை. வண்டியை அவர் விற்கவில்லை. எனக்கு ஒரு நல்ல செகண்ட் ஹாண்ட் வண்டி போயிற்று.

இன்னொரு கணக்கும் உண்டு. 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் சொன்னது: கவட்டு உயரத்தில் 109 சதவீதம், ஆனால் கீழே நிற்கும் பெடலிலிருந்து அளக்க வேண்டும். கவட்டு உயரம் 78 என்றால் இதன்படி 85. லெமாண்ட் கணக்கில் 68.9, அதோடு கிராங்க் 17-ஐச் சேர்த்தால் 85.9. இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை. எதைப் பிடித்துக்கொண்டாலும் சரி, "உங்க உயரம் என்ன?" என்று மட்டும் கேட்டு ஃப்ரேம் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஐந்தரை அடி ஆட்கள் இரண்டு பேரை நிறுத்தினால் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம்.

பெண் வாடிக்கையாளரிடம் டேப்போடு போய் நிற்க முடியாது என்பீர்கள். வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தை வைத்ததும் முட்டி தானாக லேசாக மடங்கிக்கொள்ளும். பின்னால் நின்று பாருங்கள்: மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட்டு அதிகம் ஏறிவிட்டது. சீட்டுக் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு எப்போதும் ஃப்ரேமுக்குள்ளேயே இருக்கட்டும். அதைத் தாண்டினால்தான் உயரம் வரும் என்றால் அந்த ஃப்ரேம் அவருக்கு இல்லை.

கைமரப்புப் புகாரையும் சீட்டிலிருந்தே தொடங்குங்கள். உட்காருமிடம் வலிக்கிறது என்று மூக்கைக் கீழே சாய்த்துவிடுவார்கள். உடம்பு முன்னால் வழுக்கும், பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும், சுண்டுவிரல் மரக்கும். சீட்டை மட்டமாக வைத்த பிறகும் ஹாண்டில் எட்டவில்லை என்றால் ஸ்டெம்மைப் பாருங்கள்.

பெரிய முன்சக்கர வண்டி ஓடிய காலத்தில் பெடல் சக்கரத்திலேயே இருந்தது. கால் எவ்வளவு நீளமோ அதற்குத் தகுந்த சக்கரம்தான் வாங்க முடியும், எனவே அளவெடுக்காமல் விற்கவே வழியில்லை. 1885-இல் ரோவர் சைக்கிள் வந்து, செயின் போட்டுப் பின்சக்கரத்தை ஓட்டியபின், ஒரே வண்டி பலருக்கு ஆகிவிட்டது. டேப்பை அன்றைக்கு மடித்து வைத்தோம் போலிருக்கிறது. நம் பங்குக்குக் குரங்குப் பெடல் போட்டு, வண்டிக்காக உடம்பை வளைத்துப் பழகினோம்.

சீட்டை இப்படி அளந்து வைத்துக் கொடுப்பதற்குக் காசு வாங்கலாமா? புது வண்டியோடு சும்மா செய்து கொடுங்கள். மற்றபடி வீல் பெண்டு எடுக்கக் காசு வாங்குகிறோம், இதற்கு மட்டும் என்ன கூச்சம்?

ஓர் இடத்தில் மட்டும் வாங்காதீர்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் வந்து இறங்கும் வாரத்தில், பக்கத்துப் பள்ளிக்கு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். ஸ்பேனரோடு எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு நட்டு பெயிண்டில் ஒட்டியிருக்கும்.