தேய்மானக் கணக்கு

திருவையாறு ஆராதனைப் பந்தல். மேடையில் ஒரு மூத்த வித்வான். மேல் ஸ்தாயியில் குரல் லேசாகப் பிசிறியது. பக்கத்தில் இருந்தவர் என் காதைக் கடித்தார்: “சரக்கு தீர்ந்து போச்சு சார். எண்பத்தஞ்சுல கேட்டிருக்கணும் இவரை!” சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார். அடுத்த நிமிஷமே வித்வான் கீழே இறங்கி, ஒரே வரியில் நின்று நாலைந்து சங்கதிகள் போட்டார். காபிக்காரருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

‘ராஜாவா? எண்பதுகளோட சரி.’ ‘ரஹ்மானா? ரோஜா மாதிரி வருமா?’ தீர்ப்பு எழுதுவதில் நமக்கு அப்படியொரு சுகம்!

மாயவரம் பக்கம் கூடலூரில் 1910-ல் பிறந்தவர் ஜி.என்.பி. மின்னல் பிருகாக்களால் சபாக்களை ஆண்டார். 1940-ல் ‘சகுந்தலை’யில் எம்.எஸ்.ஸுக்கு ஜோடி. ஐம்பதுகளில் குரல் தளர்ந்தது. ரசிகர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆனால், எம்.எல்.வி.யையும் தஞ்சாவூர் எஸ்.கல்யாணராமனையும் உருவாக்கியது யார்? ‘சிவசக்தி’ போன்ற புது ராகங்களையும், இன்றும் மேடையில் ஒலிக்கும் கிருதிகளையும் தந்தது யார்? அதே ஜி.என்.பி.தான்.

இன்னொருவர், 1908-ல் திருக்கோடிக்காவலில் பிறந்த செம்மங்குடி. இவருக்கு ஆரம்பத்திலேயே குரல் மக்கர். சாதகம் செய்து செய்தே அதை வழிக்குக் கொண்டுவந்தார். 1947-ல், 39 வயதில் சங்கீத கலாநிதி. தொண்ணூறை எட்டியும் கச்சேரி செய்தார். 2003-ல் மறைந்தார்.

குரல் வேறு, கற்பனை வேறு. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறலாம். நாம் குரலை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்துவிடுகிறோம்.

பி.காமில் படித்தது ஞாபகம் வருகிறது. மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். நிலத்துக்கு எழுத மாட்டோம். சம்பா அறுத்த வயலில் தஞ்சாவூர் விவசாயி உளுந்து தெளிக்கிறார். ‘மாசியில நெல்லு விளையலையே’ என்று வயலைத் திட்டுவதில்லை. வித்வானை மட்டும் நாம் மெஷின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அவர் இருபது வருஷத்துக்கு முன்னால் பாடியதை அப்படியே பாட வேண்டும். புதுசாக ஒன்று எடுத்தால் துண்டுச்சீட்டு போகும், பழசையே கேட்டு.

இதில் வெறும் ரசனை மட்டும் இல்லை, சோறும் இருக்கிறது. ‘சரக்கு தீர்ந்து போச்சு’ என்ற பேச்சு சபா செயலாளர் காதுக்குப் போனால், அடுத்த வருஷம் அழைப்பு வராது. மேடையை மட்டுமே நம்பி வாழ்ந்த வித்வானுக்கு பி.எஃப். உண்டா, பென்ஷன் உண்டா?

செயலாளர்களே, மூத்தவர்களுக்கு மூன்று மணி நேரக் கச்சேரி வேண்டாம். சிஷ்யர்களோடு ஒரு மத்தியானம் கொடுங்கள். பாடட்டும், பேசட்டும், புதுசாக யோசித்ததைச் சொல்லட்டும். ஆனால், கவரில் வைக்கும் தொகையில் மட்டும் தேய்மானம் கழிக்காதீர்கள்!