கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

நம் சங்கத்துக் கூடத்திற்குப் புதிய ஒலிபெருக்கிகள் வாங்க வேண்டும் என்னும் பேச்சு சில மாதங்களாகவே அன்பர்களிடையே நடந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சேரி ஒலிப்பதிவுகளை அமர்ந்து கேட்பது இக்கூடத்தில்தான். பொங்கல் விழாவும், நவராத்திரிப் பாட்டும், சிறுவர் குறள் ஒப்புவிக்கும் போட்டியும் நடைபெறுவதும் இங்கேதான். ஆகவே வாங்கும் கருவி இசைக்கும் பேச்சுக்கும் ஒருங்கே பயன்பட வேண்டும். பணமோ உறுப்பினர் சந்தாவில் மிச்சம் பிடித்த பணம். எனவே, குறைந்த செலவில் பெரிய அறைக்கு ஒலிபெருக்கி தேர்ந்தெடுக்கும் முறையை இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டோம். உயர்ந்த கூரையுள்ள பழைய ரயில்வே பங்களாக்களில் குடியிருக்கும் அன்பர்களுக்கும் இது பயன்படும்.

இது வெறும் சாமான் வாங்கும் காரியமன்று. பிழைப்பை நாடி வந்த ஊரில் நம் குழந்தைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் இன்னொரு மொழியும் கேட்டு வளர்கின்றனர். வீட்டுக்கு வெளியே நல்ல தமிழ் அவர்கள் செவியில் விழும் இடம் பெரும்பாலும் இக்கூடம் ஒன்றே. அங்கும் சொல் சொல்லாக விழாமல் வெறும் ஓசையாக விழுமானால், குழந்தை கொட்டாவி விடாமல் வேறென்ன செய்யும்? மூத்தவர்கள் சிலரோ, "காதில் விழவில்லை" என்று சொல்லக் கூசிப் பின் வரிசையில் சிறிது நேரம் இருந்துவிட்டு எழுந்து போகின்றனர். நாளடைவில் வருவதையே நிறுத்திவிடுகின்றனர். குறை அவர்கள் செவியில் மட்டும் இருப்பதாக நாம் எண்ணிவிடலாகாது.

நாம் சொல்ல வந்தது ஒன்றே: பெரிய அறையில் பணத்தை ஓசையைப் பெருக்குவதற்காகச் செலவிடுதல் வீண், தெளிவைக் காப்பதற்கே செலவிட வேண்டும்.

வாட் கணக்கு

கடைக்குச் சென்றதும் நம் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண். "பி.எம்.பி.ஓ." என்று போட்டு ஆயிரக்கணக்கில் எண் கொடுத்திருந்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை, அது விளம்பரத்துக்கு எழுதிய எண். "ஆர்.எம்.எஸ்." என்று குறித்திருப்பதே கருவி தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி. அதுவும் முதன்மையானதன்று. 50 வாட்டை 100 வாட்டாக்கினால் ஓசை இருமடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 3 டெசிபெல் மட்டுமே கூடும். கூர்ந்து கேட்டால்தான் வேற்றுமை தெரியும். ஓசை இருமடங்காகச் செவிக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை.

நாம் பார்க்க வேண்டிய எண் வேறொன்று. விவரத்தாளில் "சென்ஸிடிவிடி" என்று அச்சிட்டிருப்பர். ஒரு வாட் சக்தி கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் நின்று அளந்தால் ஒலிபெருக்கி எத்தனை டெசிபெல் ஒலிக்கிறது என்பதே அது. சிறிய புத்தக அலமாரிப் பெட்டிகளுக்கு அது பெரும்பாலும் 84 முதல் 87 வரை இருக்கும். தரையில் நிற்கும் உயரமான பெட்டிகளுக்கு 88 முதல் 92 வரை. மேடைக்கென்று செய்த பெட்டிகளுக்கு 95-க்கு மேலும் உண்டு.

வெட்டவெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்குப் போனால் குறைவு 18 டெசிபெல். எட்டு மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு 85 டெசிபெல் அளவில் கச்சேரி கேட்க வேண்டுமானால், 84 எண்ணுள்ள பெட்டிக்கு 80 வாட் வேண்டும். 90 எண்ணுள்ளதற்கு 20 வாட். 96 எண்ணுள்ளதற்கு 5 வாட் போதும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஓங்கி ஒலிக்கும் நொடிகளுக்கு இதனினும் பத்து மடங்கு இருப்பு வேண்டும். அப்பொழுது முதற் பெட்டி 800 வாட் கேட்கும். மூன்றாவது 50 வாட்டில் அமைதியாக நிற்கும். கூடத்தினுள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும், பெட்டிகள் இரண்டு இருப்பதாலும் தேவை சற்றுக் குறையும். ஆயினும் விகிதம் மாறாது. ஒலிபெருக்கியின் எண் 6 கூடினால் ஆம்பிளிபயரின் சக்தி நாலில் ஒன்றாகக் குறையலாம். ஏழைச் சங்கத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

கூடமும் ஒரு கருவி

இனி அறையைப் பற்றிச் சொல்லுவோம். 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் ஆசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை கூடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து அதன்மேல் விழுந்தன. இதனைச் சீர்செய்யுமாறு வாலஸ் கிளெமெண்ட் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரைப் பணித்தனர். அவர் இரவு நேரங்களில் அருகிலிருந்த நாடக அரங்கின் மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி தேய எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். அவ்வுழைப்பில் பிறந்த சூத்திரத்தைக் கொண்டே, 1900-இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் சிம்பொனி மண்டபத்தின் ஒலியமைப்பு வகுக்கப்பெற்றது.

சூத்திரம் எளியது, மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கே போதுமான கணக்கு. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால், ஒலி பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேயும் நேரம் வினாடியில் கிடைக்கும். 15 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள கூடத்தின் கன அளவு 540 கன மீட்டர். தரை, கூரை, சுவர்களின் பரப்பு 462 சதுர மீட்டர். சுண்ணம் பூசிய சுவரும் மொசைக் தரையும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கை விழுங்குவதாகக் கொண்டால், வெறுங்கூடத்தில் ஒலி தேய ஏறத்தாழ 4.7 வினாடி ஆகும். அறுபது பேர் வந்து அமர்ந்தால் அது 1.9 வினாடியாகக் குறையும். மனித உடலும் உடையும் ஒலியை நன்கு உறிஞ்சுகின்றன. ஒலிபெருக்கிகளுக்கு எதிர்ச்சுவரில் 30 சதுர மீட்டர் கனத்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் 1.4 வினாடிக்கு வந்துவிடும். இசைக்கு இது இதமான அளவு, பேச்சும் விளங்கும்.

சபைன் கையாண்ட அளவு யாதென்று அறிந்தால் அன்பர்கள் மகிழ்வர்: திறந்த சன்னல்! சன்னல் வழியே வெளியே சென்ற ஒலி திரும்பி வருவதில்லை. தெரு அமைதியாக உள்ள மாலைகளில் பத்துச் சதுர மீட்டர் சன்னலைத் திறந்து வைப்பது செலவில்லாத வைத்தியம்.

எந்தப் பெட்டி?

அலமாரிப் பெட்டி வீட்டுச் சிற்றறையில் இனிமையாக ஒலிக்கும். பெருங்கூடத்தில் மூச்சு வாங்கும். ரயில் நிலையத்தில் காணும் ஊதுகுழல் ஒலிபெருக்கி சிறிய சக்தியில் நெடுந்தொலைவு செல்லும். ஆயினும் கீழ் ஒலிகள் அதில் வாரா, தம்பூரா கம்பி உரசுவது போலாகிவிடும். அது இசைக்கு ஏற்றதன்று. பத்து அல்லது பன்னிரண்டு அங்குலக் கூம்பும் மேல் ஒலிக்குச் சிறு ஊதுகுழலும் சேர்ந்த மேடைப் பெட்டிகளில் நல்லவற்றைத் தேடினால், நம் போன்ற கூடத்துக்கு அவையே குறைந்த விலையில் நிறைந்த பயன் தருவன. உயர்ந்த கூரையும் மிகுந்த முழக்கமும் உள்ள இடத்தில் பேச்சே முதன்மையானால், சிறு கூம்புகளைச் செங்குத்தாக அடுக்கிய தூண் வடிவப் பெட்டி நன்று. அது ஒலியைப் பக்கவாட்டில் பரப்பி, கூரைக்கும் தரைக்கும் வீணாக அனுப்பாமல் காக்கிறது.

நெஞ்சை அதிர வைக்கும் கீழ் ஒலிக்கென்று தனிப் பெட்டி வேண்டுமா என்பர் இளைஞர்கள். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்தியஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். கீழ்ப் பஞ்சமம் 98. ஆகவே 50 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும் பெட்டி நம் சங்கீதத்துக்குப் போதும். அதற்குக் கீழே செலவிடும் பணம் சன்னல் கண்ணாடிகளை நடுங்கச் செய்வதற்கே உதவும்.

பழைய பெட்டி வாங்குவதும் தாழ்வன்று. பம்பாயின் லாமிங்டன் சாலை, தில்லியின் லாஜ்பத்ராய் மார்க்கெட், கல்கத்தாவின் சாந்தினி, பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகிய இடங்களில் ஒலிக்கருவி வணிகம் உண்டு, தேடிப் பார்க்கலாம். கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு பல ஆண்டுகளில் உதிர்ந்துவிடும் இயல்புடையது. ரப்பர் அல்லது துணி விளிம்பு நெடுநாள் உழைக்கும். கூம்பை விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே உரசும் ஒலி கேட்டால் அப்பெட்டி வேண்டா.

ழகரச் சோதனை

கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யலாகாது. அது பெட்டி நன்றாகக் காட்டும் பாட்டாகவே இருக்கும். தமிழருக்கென்று ஒரு சோதனை உண்டு. ல, ள, ழ மூன்றையும் செவி பிரித்தறிய உதவும் ஒலிகள் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை அமைகின்றன. பெரிய கூம்பிலிருந்து சிறு கூம்புக்கு ஒலி கைமாறும் இடமும் பெரும்பாலான பெட்டிகளில் அதுவே. கைமாற்றம் செவ்வையாக இல்லாவிடில் ழகரம் மழுங்கும்.

ஆதலின் தலை, தளை, தழை; வலி, வளி, வழி; பனி, பணி போன்ற ஐம்பது சொற்களை முன்பின்னாக மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொள்க. ஒருவர் மேடையில் நின்று வாசிக்கட்டும். கடைசி வரிசையில் சிறுவர் இருவரும் முதியவர் இருவரும் அமர்ந்து, கேட்டதை எழுதட்டும். மின்விசிறிகள் சுழலட்டும், விழா நாளில் அவை நிற்கப் போவதில்லை. எந்தப் பெட்டியில் பிழை குறைவோ அதனை வாங்குக. விலைக்கு முன்னே இரண்டொரு நாள் வாடகைக்கு எடுத்துச் சோதித்தல் நலம். வாடகை சிறிது, பின்னால் வரும் வருத்தம் பெரிது.

வைக்கும் இடம்

பெட்டியை மூலையில் தள்ளினால் கீழ் ஒலி பெருத்துப் பேச்சைக் குழப்பும். சுவரிலிருந்து சற்று விலக்கி வைக்க. ஜமுக்காளத்தில் அமர்ந்தவர்களின் தலைகள் மறைக்காதபடி உயர்த்தி, முகம் பின் வரிசையை நோக்குமாறு சிறிது கீழே சாய்க்க. நீளச் சுவரின் நடுவே மேடையை அமைத்தால் 15 மீட்டர்க் கூடத்திலும் எவரும் பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் இருக்க மாட்டார்.

கூடத்தின் நடுவில் இன்னோர் இணை வைக்க விரும்புவோர் ரயில் மேடையை நினைக்க. ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஒரே அறிவிப்பு அருகிலும் தொலைவிலும் உள்ள குழல்களிலிருந்து வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால், வண்டியின் பெயர் இரண்டாகக் கேட்கிறது. இடைவெளி 17 மீட்டரைத் தாண்டினால் இக்குழப்பம் நேரும். நம் கூடத்தில் அந்த அச்சமில்லை எனினும், ஓர் இணையே போதும்போது இரண்டெதற்கு?

பெட்டிக்குச் செல்லும் கம்பி 15 மீட்டரானால், வீட்டு மின்னிணைப்புக்கு விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியே தாராளம். பொன் பூசிய விலையுயர்ந்த கம்பி வேண்டுவதில்லை. மெல்லிய நூல் போன்ற கம்பியும் ஆகாது.

பணப் பங்கீடு குறித்து நம் கருத்து இது: நூறு ரூபாயில் ஐம்பது ஒலிபெருக்கிகளுக்கு, இருபத்தைந்து ஆம்பிளிபயருக்கு, இருபது திரைச்சீலைக்கு, ஐந்து கம்பிக்கும் நிறுத்துகாலுக்கும். திரைச்சீலைக்கு இவ்வளவா என்று செயற்குழுவில் எவரேனும் வினவினால், கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிக் காட்டுங்கள். அது தேய்ந்து அடங்கும் வரை எண்ணட்டும், மறுப்புச் சொல்லார்.

சோதனைக்கு வேண்டிய ஐம்பது சொற்களை அன்பர்கள் தம் குழந்தைகளைக் கொண்டே தொகுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஒலிவாங்கியை வாயிலிருந்து எத்தனை அங்குலத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அடுத்த இதழில் எழுதுவோம்.