அம்மம்மாவின் தொண்ணூறு நாள்கள்

ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால் புளியந்தீவின் தெருக்களிலே புதியதொரு கூட்டத்தைக் காணலாம். நோர்வே, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து, கனடா முதலிய தேசங்களிற் குடியேறிவிட்ட நம்மவர்கள் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்திறங்கும் காலம் அது. சென்ற ஆண்டு அப்படியொரு மாலைப்பொழுதில் நானும் என் மனைவியும் காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். அருகிலே கச்சான் விற்கும் மூதாட்டி ஒருவர். அவரை ஒட்டினாற்போல் ஐந்து வயது மதிக்கத்தக்க பேத்தி. சற்றுத் தள்ளி, விடுமுறைக்கு வந்த இளந்தம்பதியர். அவர்களுடைய சின்னக் குழந்தை கால்சட்டையை நனைத்துவிட்டது. தாய் எழுந்திருக்கவில்லை. தந்தைதான் குழந்தையைத் தூக்கிச் சென்று, கழுவித் துடைத்து, மாற்றுடை அணிவித்துக் கொண்டுவந்து இருத்தினார்.

"இதென்ன கா கூத்து! புள்ளையத் தகப்பன் கழுவுறான், தாய் பாத்துக்கு இரிக்காள்" என்றார் மூதாட்டி, என் மனைவியிடம்.

நான் சிரித்துவிட்டேன். பின்னர் அச்சிரிப்புக்காக வெட்கமும் பட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒஸ்லோ நகரில் என் மகளின் வீட்டிலே இக்காட்சியை முதன்முதலாகக் கண்டபோது நானும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

மட்டக்களப்பாருக்கு இவ்விடயத்தில் ஏனைய தமிழரினும் சற்று மிகுதியான தடுமாற்றம் உண்டாவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே குடி தாய்வழியாக வருவது. வீடும் மகளுக்கே சீதனமாகப் போவது. மணம் முடித்த ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். ஆதலால் இங்கு பிறக்கும் குழந்தை பெரும்பாலும் அம்மம்மாவின் கண்ணெதிரிலேயே வளர்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சரக்கு அரைத்துக் கறி ஆக்குவது, ஏணை கட்டுவது, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பது, பல் முளைத்தாற் கொழுக்கட்டை அவிப்பது, பிறகு ஓடி ஓடிச் சோறு தீத்துவது ஆகிய எல்லாவற்றிற்கும் அவரே அதிபதி. தந்தை என்பவர் அவ்வீட்டில் ஓரளவுக்கு விருந்தாளியே. உழைத்துக் கொடுப்பார், மாலையிற் குழந்தையைச் சற்று நேரம் மார்பிற் சாய்த்துக்கொள்வார், அழுதால் திருப்பிக் கொடுத்துவிடுவார். நானும் அவ்வாறுதான் மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானேன்.

வெளிநாடு செல்லுதல் என்பது முதலில் முறிப்பது இந்த ஏற்பாட்டைத்தான். ஊர், மொழி, கோயில் ஆகியவற்றின் பிரிவைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அம்மம்மா இல்லாத வீட்டிலே நள்ளிரவில் குழந்தை வீறிட்டழும்போது யார் எழும்புவது என்ற கேள்வியை எழுதியவர் மிகச் சிலரே. ஐரோப்பிய நாடுகளுக்கான சாதாரண வருகை விசா, நூற்றெண்பது நாள்களுக்குள் தொண்ணூறு நாள்களையே அனுமதிக்கிறது. என் மனைவி சரக்குத் தூளையும் பழஞ்சேலைகளையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு அந்தத் தொண்ணூறு நாள்களுக்குத்தான் போனாள். நானும் உடன் சென்றேன். குழந்தை குப்புறப் புரளத் தொடங்கிய வாரத்தில் நாங்கள் திரும்ப வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அவ்வீட்டில் அம்மம்மாவின் இடத்துக்கு வந்தவர் என் மருமகன். இது அவருடைய நற்குணத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. நோர்வேயின் சட்டப்படி குழந்தை பிறந்த பெற்றோருக்கு முழுச் சம்பளத்தோடு 49 வாரங்கள் விடுமுறை உண்டு. அதில் 15 வாரங்கள் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் பொதுவாக அவை தாய்க்குச் சேர்வதில்லை, வீணாகவே போகும். 1993 இல் நான்கு வாரமாகத் தொடங்கிய ஏற்பாடு இது. தொடக்கத்தில் அந்நாட்டு ஆண்களும் இதற்காக ஆவலோடு காத்திருக்கவில்லை. கையை விட்டுப் போய்விடுமே என்ற கணக்கே அவர்களையும் தொட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தியது. மட்டக்களப்பு மாப்பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். நம் நாட்டிலோ தாய்க்கு 84 வேலை நாள்கள் உண்டு. தந்தைக்கு, அரசாங்க ஊழியராயின் மூன்று நாள்கள். மூன்று நாளிற் பிறப்புப் பதிவை முடித்து, உற்றாருக்குக் கற்கண்டு கொடுக்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டப் பழக முடியாது.

ஒரு வயதானதும் குழந்தைக்குப் பராமரிப்பு நிலையத்தில் இடம் பெறுவது அங்கே 2009 முதல் சட்டப்படியான உரிமை. அங்கே நான் கண்ட காட்சியொன்றை ஊரிற் சொன்னபோது எவரும் நம்பவில்லை. பனி கொட்டும் குளிர்காலத்திற் குழந்தைகளைக் கம்பளியிற் சுற்றி, தள்ளுவண்டியிற் கிடத்தி, முற்றத்திலே நித்திரையாக்குகிறார்கள். என் மனைவி அதைக் கண்டு அழுதேவிட்டாள். குழந்தையோ எங்கள் ஏணையில் உறங்கியதினும் நன்றாக உறங்கியது!

ஆயினும் எல்லாம் இவ்வாறு நகைச்சுவையாக முடிவதில்லை. 2011 இல் நோர்வேயின் ஸ்டவாங்கர் நகரில் வாழ்ந்த இந்தியத் தம்பதியரின் இரு சிறு பிள்ளைகளைக் குழந்தைகள் நலத்துறையினர் பொறுப்பேற்றுக் கொண்டுசென்றனர். கையாற் சோறூட்டியதும், பிள்ளையைத் தம் படுக்கையிற் கிடத்தியதும் குற்றமாகக் கொள்ளப்பட்டன என்று பெற்றோர் கூறினர். பண்பாட்டு வேற்றுமை காரணமன்று என அதிகாரிகள் மறுத்தனர்; ஆனால் உண்மைக் காரணத்தை வெளியிட இரகசியச் சட்டம் இடந்தரவில்லை. இரு நாட்டு அரசுகளும் பேசிய பின், 2012 இல் பிள்ளைகள் இந்தியாவிலுள்ள சிறிய தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டனர். 2013 இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தாய்க்கு அவர்களை மீட்டுக் கொடுத்தது. அவ்வழக்கில் நீதி எப்பக்கம் என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதன் நிழல் தமிழ் வீடுகளில் விழுந்ததை நான் கண்டேன். ஒரு நாள் கதவு மணி ஒலித்தபோது, பேரனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த என் மனைவி சட்டெனக் கையை இழுத்துக் கரண்டியை எடுத்தாள். வந்தவர் அடுத்த வீட்டுக்காரர். தபாற் பொதி ஒன்றைக் கொடுக்க வந்தார். அன்றிரவு அவள் என்னோடு அதிகம் பேசவில்லை.

தாயின் பெயர் அங்கே வேறொரு வகையிலும் நிலைத்திருக்கிறது. நோர்வேயில் தமிழ்ப்பிள்ளைகள் வார இறுதியிற் சென்று அகரம் எழுதப் பழகும் கல்விக்கூடத்தின் பெயர் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம். 1988 மார்ச் மாதம் 19 ஆம் திகதி, நம் மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் உண்ணாநோன்பிருக்கத் தொடங்கி, ஏப்ரல் 19 இல் உயிர்நீத்தவர் அவர். பத்துப் பிள்ளைகளின் தாய். புளியந்தீவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள கோயிலொன்றின் முன்றலில் நிகழ்ந்தது, வடதுருவத்துக்கு அண்மையிலுள்ள நாட்டிலே பெயர்ப்பலகையாக நிற்பதைக் கண்டு நான் நெடுநேரம் நின்றேன். அங்கு வரும் பிள்ளைகள் தமிழிலே எழுதுகிறார்கள், நோர்வே மொழியிலே சண்டையிடுகிறார்கள். வேறெப்படி இருக்க முடியும்?

இவ்வளவும் வெளிநாட்டு வாழ்க்கையின் ஒரு முகம். குடும்பமாகச் செல்ல அனுமதி பெற்றோரின் முகம். நம் மாவட்டத்தில் 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. படுவான்கரைக் கிராமங்களிலும், ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கங்களிலும் அச்சொல் குவைத்து, சவூதி அரேபியா, கட்டார் என்ற நாடுகளைக் குறிக்கும். அங்கே வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணின் கைகளுக்கு மட்டுமே விசா. அவள் குழந்தைக்கு இல்லை. ஆசிரியனாக இருந்த காலத்திற் பெற்றோர் கூட்டங்களுக்கு வந்தமர்ந்த அம்மம்மாக்களை எண்ணிப் பார்க்கிறேன். தேர்ச்சி அறிக்கையிற் பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் அவர்களே பெருவிரல் அடையாளம் இட்டார்கள். முதல் வகைக் குடும்பம் அம்மம்மாவை இழந்து தந்தையைப் பெற்றது. இரண்டாவது வகை தாயை அனுப்பிவிட்டு அம்மம்மாவை இரண்டாம் முறை தாயாக்கியது.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் கதையை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. 2005 இல், பதினேழு வயதில், கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டுச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டவள். அவள் பாலூட்டும்போது நான்கு மாதக் குழந்தை இறந்தது என்ற வழக்கில் 2013 சனவரி 9 ஆம் திகதி அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. கைக்குழந்தையை எவ்வாறு பிடிப்பது என்று எவரும் கற்றுக்கொடுக்காத சிறுமி அவள்.

அவ்வாண்டே நம் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு விதியைக் கொண்டுவந்தது. வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண் தன் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று பிரதேச செயலகத்திலே காட்ட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு அனுமதி இல்லை. 2022 இல், பொருளாதாரம் சரிந்து அந்நியச் செலாவணி அருகியபோது, விதிகள் தளர்த்தப்பட்டன. பெண்கள் செல்வதற்கான வயதெல்லையும் இருபத்தொன்றாகக் குறைந்தது. குழந்தையின் நலன் ஒன்பது ஆண்டுகளுக்குள் எவ்வாறு மாறிற்று என்று கேட்பது வீண்; மாறியது திறைசேரியின் நிலை. எனக்கு உறுத்துவது இதனினும் எளியதொரு செய்தி. விதி இறுகியிருந்தபோதும் தளர்ந்தபோதும், அவ்வினா தாயிடம் மட்டுமே விடுக்கப்பட்டது. கட்டாரில் கட்டட வேலைக்குப் புறப்பட்ட எந்தத் தந்தையிடமும் 'உன் குழந்தையை யார் பார்ப்பார்' என்று அறிக்கை கேட்கப்படவில்லை. தாய் போன பின் வீட்டில் இருக்கும் தந்தைக்குப் பிள்ளை வளர்க்கப் பழக்க வேண்டும் என்று திட்டம் எதுவும் பேசப்பட்டதாகவும் நான் கேட்டதில்லை.

பூங்காவில் இருள் கவியத் தொடங்கியது. இளந்தம்பதியர் போய்விட்டார்கள். என் மனைவி கச்சான் வாங்கிக்கொண்டு, பேத்தியின் தாய் எங்கே என்று மூதாட்டியிடம் கேட்டாள். குவைத்துக்குப் போய் மூன்று வருடமாம். சின்னவனும் ஒருவன் வீட்டில் இருக்கிறானாம்.

"மருமகன்?"

"வீட்டதான் இரிக்கான்."

"அப்ப இதுகளை ஆர் பாக்கிற?"

மூதாட்டி என் மனைவியை வியப்போடு நோக்கினார்.

"நான்தான் கா. அவன் ஆம்புளையெலுவா?"