கூலவாணிகனின் மாயப் பாத்திரம்

சுருவிலிலிருந்து வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகாட்டுவான் துறையிலே படகேறினால் நயினாதீவு கண்ணுக்கெட்டும் தூரந்தான். சென்ற மாதம் அப்படகிலே என் அருகில் அமர்ந்து வந்தாள், உயர்தர வகுப்பிற் பயிலும் நம்மூர் மாணவி ஒருத்தி. அவள் கையில் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. கொழும்பில் வாழும் வஜ்ர சந்திரசேகர என்னும் எழுத்தாளர் 2023இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' என்னும் நாவலைப் பற்றியது அது. மாயக்கதைகளுக்கென்று அமெரிக்காவில் வழங்கப்பெறும் நெபியூலா பரிசு 2024இல் அந்நூலுக்குக் கிடைத்தது.

அக்கதையின் நாயகன் பிறந்த கணத்திலேயே தாயினால் நிழல் பறிக்கப்பட்டவன். தந்தையைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்பட்டவன். ஆனால் வளர்ந்ததும் அந்தப் பணியைக் கைவிட்டு, நகரத்துக்குப் போய்ச் சாதாரண மனிதனாக வாழ முயல்கிறான். விதி தேர்ந்தெடுத்த வீரன், அவன் கையில் ஒரு வாள், முடிவில் ஒரு வெற்றி என்று பழகிப்போன அச்சை ஆசிரியர் உடைத்துவிட்டார் என்று மேலைநாட்டு விமரிசகர்கள் வியந்தார்கள். புத்தர்பிரானின் மகன் இராகுலனுடைய கதையே அந்நாவலுக்கு வேர்.

"ஐயா, தமிழிலே இப்படி மாயக்கதையின் மரபைத் தலைகீழாக்கியவர் எவரேனும் உண்டா?" என்று அப்பிள்ளை கேட்டாள்.

நான் படகின் முன்னே தெரிந்த கோபுரத்தைக் கையால் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. அன்று படகு இரைச்சலிலே சொல்ல முடியாமற் போனதை இவ்வாரம் எழுதுகின்றேன்.

மணிமேகலையை இயற்றிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். கூலம் என்றால் தானியம். நெல்லும் பயறும் அளந்து விற்றவர் என்க. அவர் காலம் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பாரும், 6ஆம் நூற்றாண்டு வரை இறக்குவாரும் உளர். உ. வே. சாமிநாதையர் 1898இல் அந்நூலை அச்சேற்றினார். அதற்கு முன்பு, அது பௌத்த நூல் என்பதே பலருக்குத் தெரியாதிருந்தது. நாம் பாடசாலையிலே அதை ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று என்று மனனஞ் செய்து, பரீட்சை எழுதி, மறந்துவிடுகின்றோம். ஒரு கதையாக எண்ணி அதை வாசித்தவர் எத்தனை பேர்?

கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். புகார் நகரிலே இந்திர விழா. ஆடற்குலத்துப் பேரழகி மணிமேகலை தன் தோழி சுதமதியோடு உவவனத்துக்குப் பூக்கொய்ய வருகிறாள். மதங்கொண்ட யானையை அடக்கிய வெற்றியோடு சோழ இளவரசன் உதயகுமாரன் தேரிலே வருகிறான். இளவரசன், அழகி, பூஞ்சோலை! அடுத்து என்ன நடக்கும் என்பது காவியம் கேட்டுப் பழகிய எவருக்கும் தெரியும். சாத்தனாருக்கும் தெரியும். ஆயினும் அவர் பெண்ணை ஒரு பளிங்கு மண்டபத்துக்குள்ளே நுழைத்துக் கதவை அடைத்துவிடுகிறார். இளவரசன் வெளியே நின்று அவள் வடிவைக் காண்கிறான், தொட முடியவில்லை. அன்றிரவே மணிமேகலா தெய்வம் உறங்கும் பெண்ணை எடுத்துக்கொண்டு தென்கடலிலுள்ள மணிபல்லவத் தீவிலே கிடத்திவிடுகிறது. காதற்கதை முடிந்தது. பிற்காலத்துத் தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு வகுத்த உறுப்புக்களிலே சோலை விளையாட்டும் மணவினையும் உண்டு. இக்கணிகை மகளுக்கோ சோலை வாய்த்ததேயன்றி மணம் வாய்க்கவில்லை. பிட்சைப் பாத்திரந்தான் வாய்த்தது.

மாயங்களுக்குக் குறைவில்லை. வானிற் பறக்கும் மந்திரம், வேற்றுரு எடுக்கும் மந்திரம், பசியைத் தடுக்கும் மந்திரம் என மூன்றைத் தெய்வம் அவளுக்குக் கற்பிக்கிறது. வேறொரு புலவர் கையிலே இம்மூன்றும் கிடைத்திருந்தால் ஒரு நாடே பிடிபட்டிருக்கும்! சாத்தனார் கதையிலே அவள் பறப்பது பாத்திரத்தோடு ஊர் திரும்புவதற்கு. உருமாறுவது இளவரசனின் துரத்தலிலிருந்து தப்புவதற்கு. பின்னர்ச் சிறையிலே அரசி உணவின்றி அடைத்து வைத்தபோது மூன்றாம் மந்திரம் உயிரைக் காக்கிறது. மாயம் என்பது இங்கே ஏழைப் பெண்ணொருத்தியின் பாதுகாப்பாக மட்டுமே பயன்படுகிறது.

அமுதசுரபி எத்தகையது? அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். உலகத்து மாயக்கதைகளிலே வாளும் மோதிரமும் விளக்கும் நிரம்ப உண்டு. அவற்றை உடையவன் அரசனாவான். அமுதசுரபியை உடையவளோ தெருவிலே நின்று சோறிட வேண்டும். பிரெஞ்சு அறிஞர் அலென் டேனியலூ 1989இல் இக்காவியத்தை ஆங்கிலமாக்கியபோது, தலைப்பிலேயே அந்த மாயப் பாத்திரத்தைச் சேர்த்துக்கொண்டார். அவர் கண்ணுக்கு அதுவே முதலில் பட்டது போலும்.

முதற் கவளம் யாருக்கு? காயசண்டிகை என்னும் பெண்ணுக்கு. முனிவர் ஒருவரின் பழத்தைக் காலால் மிதித்த குற்றத்துக்காக, யானைத்தீ என்னும் தீராப் பசியைச் சாபமாகப் பெற்றவள் அவள். இவ்விடத்திலே எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. இளவரசன் மத யானையை அடக்கியதை ஊரே கொண்டாடிற்று. வயிற்றுக்குள்ளிருந்த யானையை அடக்கியதோ ஒரு பெண் இட்ட ஒரு பிடி சோறு. சாத்தனார் இதை எண்ணித்தான் முன்னே யானையைக் கொண்டுவந்தாரோ, அறியேன். வாணிகர் கணக்குத் தவறமாட்டார்.

இனி அரக்கர் கதை. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, பாய்மரத்துண்டைப் பற்றி, நாகர் மலையிலே கரையேறுகிறான். மனித மாமிசம் உண்ணும் நாகர் அவனைச் சூழ்கின்றனர். இங்கே வீரன் எழுந்து அரக்கரை வெட்டி வீழ்த்துவதல்லவா மரபு? சாதுவன் அவர்கள் மொழியிலே பேசுகிறான். அவன் மொழி அறிந்தவன் என்பதொன்றே அவன் உயிரைக் காக்கிறது. தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுத்து உபசரிக்க, அவன் மறுக்கிறான். உடலை விட்ட உயிர் எங்கே போகும் என்று தலைவன் கேட்கிறான். மூடன் கேட்கும் கேள்வியன்று அது. எங்களுக்கு ஏற்ற அறம் எது என்றும் வினவுகிறான். கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதீர், மூத்துத் தாமே இறந்த விலங்கையன்றி வேறு ஊன் உண்ணாதீர் என்று சாதுவன் கூறுகிறான். ஊனை அறவே விடு என்று சொல்லியிருந்தால் நாகன் சிரித்திருப்பான். அவனால் இயன்ற அளவே கேட்டது சாதுவனின் சாமர்த்தியம். தலைவன் அதை ஏற்று, முன்பு கப்பல்களிலிருந்து எடுத்த பண்டங்களையும் கொடுத்து அனுப்புகிறான்.

இவை எல்லாவற்றினும் என் உள்ளத்தைப் பறித்தது ஆபுத்திரன் கதையே. தாய் கைவிட, ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்த பிள்ளை அவன். வளர்ந்ததும் வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்தான். அதற்காக ஊரால் விரட்டப்பட்டு, மதுரையிலே பிச்சை எடுத்து, எடுத்ததைக் குருடர்க்கும் முடவர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்ந்தான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியை அளித்தாள். அவன் அறத்தினால் இந்திரனின் ஆசனம் அசைந்தது. இந்திரன் கிழ வேதியனாக வந்து, வரம் கேள் என்றான். ஆபுத்திரன் விலா நோகச் சிரித்தான். உங்கள் உலகிலே செய்த நல்வினையின் பயனை உண்பவரே உளர், பிறர்க்கு ஈபவர் எவரும் இல்லையே. பசித்தவர் உண்ணும்போது மலரும் முகத்தை நான் இங்கே காண்கிறேன், உன்னிடம் கேட்க எனக்கு என்ன இருக்கிறது என்பது அவன் விடை.

இந்திரன் சினந்தான். சினந்த தேவர்கள் இடியை ஏவுவர், நெருப்பை ஏவுவர். இவன் மழையை ஏவினான்! வறண்டு கிடந்த பாண்டி நாடு செழித்தது. உண்ண வருவார் ஒருவருமில்லை. பசித்தோர் உண்ட அம்பலத்திலே சூதாடுவோரும் வம்பு பேசுவோரும் கூடினர். ஆபுத்திரன் பாத்திரத்தைக் கையிலேந்தி, உண்பார் உண்டோ என்று ஊரூராகக் கேட்டுத் திரிந்தான். யாரடா இவன் என்று மக்கள் எள்ளினர். ஒரு தெய்வம் தன் பகைவனைப் பழிவாங்குவதற்காக நாட்டை வாழவைத்த கதையை வேறெங்கும் நான் படித்ததில்லை. இங்கே யாரை நோவது? நாடு செழித்தது நல்லதுதானே? ஆனால் அந்த நல்லது ஒருவனுடைய வாழ்வைப் பொருளற்றதாக்கிற்றே! சாத்தனார் தீர்ப்புக் கூறாமல் அவனைக் கப்பலேற்றிவிடுகிறார்.

சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேட்டு அவன் புறப்படுகிறான். காற்றினால் கப்பல் மணிபல்லவத்திலே ஒரு நாள் தங்குகிறது. அவன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் இரவிலே போய்விடுகிறது. மனிதர் இல்லாத தீவு. கையிலே உலகத்துக்கே சோறிடக் கூடிய பாத்திரம். தன் ஒருவன் வயிற்றை மட்டும் அதனால் வளர்க்க அவனுக்கு மனம் வரவில்லை. கோமுகிப் பொய்கையிலே பாத்திரத்தை இட்டு, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான். ஆண்டுக்கொருமுறை வைகாசிப் பூரணையன்று அது நீரின் மேலே எழும். அப்படி எழுந்தபோதே மணிமேகலை கைக்கு வந்தது.

அந்த மணிபல்லவம் நம் நயினாதீவே என்பது இப்பகுதியார் நம்பிக்கை. முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பழைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலிலே மணிபல்லவத்தை நம் பகுதியோடு பொருத்தி வாதிட்டார். அதை ஏற்காதோரும் பலர். புகாருக்குத் தெற்கே முப்பது யோசனை என்னும் காவியத்தின் கணக்கைக் கொண்டு இடத்தை நிறுவுவது எளிதன்று. ஆனால் ஒன்று உறுதி. நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் போரிட, புத்தர் வந்து அமைதி செய்தார் என்னும் கதை மணிமேகலையிலும் உண்டு, நாகதீபத்தைப் பற்றிய மகாவம்சத்திலும் உண்டு. தமிழ்க் காவியமும் பாளி நூலும் ஒரே கதையைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. கொழும்பு நாவலாசிரியர் எடுத்தாண்ட இராகுலன் என்னும் பெயரும் சாத்தனாரிடம் இருக்கிறது. முற்பிறப்பிலே மணிமேகலையின் கணவனுக்கு அப்பெயர்.

குறையே இல்லையா என்றால், உண்டு. இறுதிக் காதைகளிலே சமயவாதிகளின் தருக்கமும் அளவை இலக்கணமும் கதையை அமுக்கிவிடுகின்றன. மாணவர்கள் முதல் வாசிப்பிலே அவற்றைத் தாண்டிச் சென்றால் நான் கோபிக்கமாட்டேன். பாட்டி சித்திராபதியையும் சாத்தனார் ஒருதலையாகவே தீட்டியிருக்கிறார். குலத்தொழிலன்றி வேறு வழி அறியாத அம்மூதாட்டியின் அச்சத்துக்கு இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கலாம். நாகனுக்குக் காட்டிய பொறுமை அவளுக்குக் கிடைக்கவில்லை.

பாத்திரம் கைக்கு வரும் இடத்திலே, பசி ஒரு மனிதனின் குடிப்பெருமையையும் கல்வியையும் நாணத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அவனைக் குடும்பத்தோடு பிறர் வாசலிலே நிறுத்துவதைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. 1990களில் இத்தீவுகளை விட்டு இடம்பெயர்ந்து, நிவாரண வரிசையிலே பிள்ளைகளோடு நின்றவர்களுக்கு அப்பகுதிக்கு உரை வேண்டியதில்லை.

நாகபூசணி அம்மன் கோயிலிலே தரிசனம் முடிந்து, நாங்கள் இருவரும் அன்னதான மடத்திலே பந்தியில் அமர்ந்தோம். அம்மடத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். கதைச் சுருக்கத்தை இலைமுன் இருந்தே அவளுக்குச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், ஆபுத்திரனை விட்டுப்போன கப்பல் திரும்பி வந்ததா என்று வினவினாள். பின்னாளிலே சில வாணிகர் அவனைத் தேடி அத்தீவுக்கு வந்தனர் என்றும், அதற்குள் காலம் கடந்துவிட்டது என்றும் சொன்னேன். அவள் சட்டென்று நேரத்தைப் பார்த்தாள். குறிகாட்டுவானுக்குக் கடைசிப் படகு புறப்பட இன்னும் அரை மணி இருந்தது.