பகல் வேளை பஸ்களும் நம் அங்கத்தினர்களும்

டவுன் பஸ்களின் கால அட்டவணையை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். காலை 8 மணியை ஒட்டியும் மாலை 5 மணியை ஒட்டியும் வண்டிகள் அடுத்தடுத்து வருகின்றன. இடைப்பட்ட பகற்பொழுதில் அருகிவிடுகின்றன. மாணவரும் அலுவலகம் செல்வோரும் மிகுந்த வேளையில் வண்டிகளை மிகுதியாக விடுவது நியாயமே. பணியாளர் மாறுவதற்கும், உணவருந்துவதற்கும், வண்டியைப் பழுது பார்ப்பதற்கும் ஏதேனும் ஒரு வேளை வேண்டும் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும், நெரிசலற்ற நேரம் என்று கூறப்படுவது யாருக்கு நெரிசலற்ற நேரம்? நெசவாளர் ஒருவர் நெய்து முடித்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்து, கூலி பெற்று, அடுத்த பாவுக்கு நூல் வாங்கித் திரும்புவது முற்பகலிலும் பிற்பகலிலுந்தான். சங்கமும் பாங்கியும் திறந்திருப்பது அவ்வேளையில். விவசாயியின் நிலையும் அதுவே. 1999-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் பல ஊர்களிலும் அது பரவிற்று. விடியலில் கூடும் அச்சந்தையில் காய்கறி விற்று, வெறுங்கூடையுடன் அவர் பஸ் நிலையத்திற்கு வரும்போது நெரிசல் நேரத்து வண்டிகள் ஓய்ந்திருக்கும். நகரத்தாரின் ஓய்வு வேளையே நமக்கு முக்கிய வேளை.

தறிக்கு மாதச் சம்பளம் இல்லை. பஸ் நிலையத்தில் கழியும் ஒரு மணி நேரம், தறி நின்ற ஒரு மணி நேரமேயாகும்.

பகலில் வண்டிகள் காலியாக ஓடுகின்றன என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. வண்டிக்குள் அமர்ந்திருப்போரை எண்ணிக் கூறும் கணக்கு அது. காத்திருந்து சலித்து, பங்கு ஆட்டோவிலோ அண்டை வீட்டாரின் மோட்டார் சைக்கிளிலோ சென்றுவிட்டவர் அக்கணக்கில் இல்லை. பிரயாணிகள் குறைந்தனர் என்று ஒரு நடையைக் குறைப்பர். நடை குறைந்ததால் மேலும் சிலர் விலகுவர். அதைக் காட்டி அடுத்த நடையும் நிற்கும். காலை நெரிசலுக்காக வாங்கப்பட்ட வண்டியின் முதல் எவ்வாறாயினும் செலவானதே. அதே வண்டியைப் பகலில் ஓட்டுவதற்குக் கூடுதலாக வேண்டுவன டீசலும், தேய்மானமும், பணியாளர் ஊதியமுமே.

வண்டிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் இடைவெளியையே நாம் முதலில் கேட்கவேண்டும் என்பது எம் கருத்து. இரண்டு மணி நேரத்தில் நான்கு வண்டிகள் என்று கொள்வோம். அரை மணிக்கொன்றாக அவை வந்தால், நேரமறியாது வந்து நிற்பவர் சராசரி 15 நிமிஷம் காத்திருப்பார். அந்நான்கும் மணிக்கொரு முறை இரண்டிரண்டாகச் சேர்ந்து வருமாயின், சராசரி 30 நிமிஷம். டீசல் செலவு ஒன்றே. காத்திருப்போ இரு மடங்கு. (இரட்டையராக வரும் வண்டிகளை நம் ஊரில் காணாதவர் யார்!) 1982-இல் சுவிட்சர்லாந்து தேசத்தில் ரயில்கள் பகல் முழுவதும் மணிதோறும் ஒரே நிமிஷத்தில் புறப்படுமாறு அட்டவணை வகுத்தனர். 10.20-க்கு ஒன்றெனில் 11.20-க்கும் 12.20-க்கும் ஒன்று உண்டு. எழுத்தறியாதாரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாயினர். நூல் சுற்றும் பெண்களுக்கும் கூடைக்காரிகளுக்கும் இது பேருதவி. எனினும், கட்டண வண்டி இரண்டு கடந்து செல்ல, சாதாரண வண்டிக்காக வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு அட்டவணையின் மொத்த எண்ணிக்கையால் யாது பயன்? சாதாரண வண்டிகளின் பகல் நேர இடைவெளியைத் தனியே கணக்கிட்டுக் காட்டுமாறு கேட்டல் தகும்.

வெறும் முறையீட்டைக் காட்டிலும் கணக்குக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு சங்கமும் ஒரு வார காலம், அங்கத்தினர் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு வந்தனர், எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்பதை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவரலாம். அக்கணக்கை இணைத்துப் பொதுக்குழுவின் தீர்மானத்தைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு அனுப்புக. நம் பங்கிற்கும் ஒன்று உண்டு: துணி பெறும் நேரத்தையும் நூல் வழங்கும் நேரத்தையும் பஸ் வரும் நேரத்திற்கு இசைய மாற்றுவது நிர்வாகக் குழுவின் கையிலேயே உள்ளது. அதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை.