எச்.ஐ.வி.: மருந்து இருக்கிறது, நம் மனம்தான் மாற வேண்டும்



சென்ற மாதம் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் காரைக்கால் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். என்னிடம் படித்த ஒருவன் வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். தஞ்சாவூரிலிருந்து வருகிறானாம். "அங்கே என்னப்பா வேலை?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போனேன் டீச்சர். நம்ம ஊர் ஆஸ்பத்திரிப் பக்கம் போனா யாராவது பார்த்துடுவாங்க" என்றான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று கேட்காதீர்கள்.

மாத்திரை இலவசம். ஆனால் அதை வாங்க ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியும் பஸ் காசும் போகிறது. காரைக்கால் சின்ன ஊர். நாலு தெரு தாண்டினால் தெரிந்த முகம். அவன் பயப்படுவது நோய்க்கு அல்ல, நம் வாய்க்கு.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்று மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரை போதும். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம்கூடப் பரவாது. தொடுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ எப்போதுமே பரவாது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். தெரிந்தவரைப் பார்த்து ஒருவர் மருந்து வாங்காமல் திரும்பினால், அது அவர் உயிர் விஷயம்.

நானும் தவறு செய்தவள்தான். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த பள்ளியில், பெற்றோருக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் ஒரு சிறுமியைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

இப்போது சட்டமே இருக்கிறது. 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பள்ளியிலோ வேலையிலோ மருத்துவமனையிலோ இவர்களை ஒதுக்கக் கூடாது. சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லவும் கூடாது.

உங்களில் செவிலியர்கள், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். "இன்னார் அந்த அறைக்குப் போனார்" என்ற பேச்சை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். யாராவது கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் உள்ளவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அவன் ஊர் விட்டு ஊர் ஒளிந்து போகாத நாள் வர வேண்டும். டீச்சர் சொன்னதற்காகவாவது செய்யுங்கள்.